எடை தோளில் இருக்கட்டும்

கால்கள் சுவரில் இருக்கின்றன, முதுகு தரையில். தோளுக்கு அடியில் மடித்த போர்வைகள், தலை மட்டும் போர்வையைத் தாண்டி விரிப்பில். இதுவரை தினமும் செய்ததுதான், இதில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு இடுப்பையும் தூக்க வேண்டும் என்று ஆக்னஸ் சொல்லியிருக்கிறாள். ஆக்னஸ் என்னைவிடப் பத்து வயதாவது இளையவள், ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பள்ளிக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு வகுப்பு எடுக்கிறாள், முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும். தரையை எப்படிக் கழுவினாலும் சாம்பார் வாசனை போவதில்லை. நிற்கும்போது தெரியாது, படுத்தால் தெரியும், பழைய சாம்பாரும் ஃபினாயிலும் கலந்த ஒரு வாசனை. மேலே மின்விசிறிக் கொக்கியில் யாரோ கட்டிய காகிதப் பூச்சரம் அவிழ்க்கப்படாமல் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது தொங்குகிறதா, கூரையிலிருந்து முளைத்திருக்கிறதா என்று சந்தேகம் வருகிறது. நான் அதைப் பார்க்கக் கூடாது, மூச்சைப் பார்க்க வேண்டும். மூச்சு மூக்கு வழியாக வருகிறது, போகிறது. கண்ணின் இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள், அவற்றுக்கு நடுவில் இரண்டு பாதங்கள், பக்கத்தில் ஊன்றிய கைத்தடியின் ரப்பர் முனை. என் கணவர். அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் தலைகீழ் ஆசனம் எதுவும் கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்குவதும் கணுக்காலைச் சுழற்றுவதும்தான். முதல் நாளே ஆக்னஸ் எல்லாரையும் கேட்டாள், பிரஷர் இருக்கா, கண்ணுல நீர் அழுத்தம்னு டாக்டர் சொல்லியிருக்காரா, கழுத்து எலும்பு தேய்மானம் இருக்கா, இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க, நான் வேற சொல்லித்தரேன், மாதாந்திர நாள்லயும் இதைச் செய்ய வேண்டாம் என்று. நான் கழுத்து என்றேன். டாக்டரிடம் கேட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாள். டாக்டர் சரி சொன்ன பிறகும் இத்தனை மாதம் என்னைச் சுவரோடு படுக்க வைத்திருந்தாள். கால் மேலே, இடுப்பு தரையில், அவ்வளவுதான். அதிலேயே எனக்குக் கால் வீக்கம் வடிந்தது. மின்வாரிய அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் தொங்கிய கால்கள், சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடத்தில் விரலை வைத்தால் குழி விழும். இப்போது விழுவதில்லை. தூக்கமும் வருகிறது. தைராய்டு போயிரும், நரைமுடி கறுத்துரும்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றாள் ஆக்னஸ். ரத்தம் கால்லருந்து சுலபமா திரும்பும், மனசு கொஞ்சம் அடங்கும், அது போதாதா. போதும். எனக்கு அடங்கினால் போதும்.

தூக்குங்கக்கா என்கிறாள் இப்போது, தலைக்குப் பின்னாலிருந்து. பாதத்தைச் சுவரில் நல்லா அழுத்துங்க, இடுப்பு தானா எழும், குதிக்காதீங்க, கையால முதுகைத் தாங்குங்க, முழங்கை வெளிய போக வேண்டாம். அழுத்துகிறேன். இடுப்பு எழுகிறது. உண்மையிலேயே எழுகிறது, என்னுடையது இல்லை போல, யாரோ கீழிருந்து ஜாக்கி வைத்துத் தூக்குவது போல. முதுகு ஒவ்வொரு எலும்பாகத் தரையை விட்டு வருகிறது. நெஞ்சு முகவாயை நோக்கி வருகிறது. எடை தோள்ல இருக்கட்டும், கழுத்துல இல்ல. தொண்டை இறுக்கமா இருக்கா? இல்லை என்று சொல்லப் போனேன், பேச வேண்டாம், கையை மட்டும் ஆட்டுங்க என்றாள். இதில் பேசக் கூடாது, இருமக் கூடாது, முக்கியமாகத் தலையைத் திருப்பக் கூடாது. பக்கத்துல யாரு என்ன செய்றாங்கன்னு பார்க்காதீங்க, கழுத்து அந்த நேரத்துல ஒரு பக்கமா திரும்பினா அவ்வளவுதான், பார்க்கணும்னா இறங்கிட்டுப் பாருங்க. ரத்தம் முகத்துக்கு வருகிறது. கன்னம் சூடாகிறது, காதுக்குள் ஒரு இரைச்சல், நாக்கு கனக்கிறது. இந்தக் கனம் எனக்குத் தெரியும். இதற்காகத்தான் இத்தனை மாதமாகப் பயந்தேன், கழுத்துக்காக இல்லை. ஆக்னஸிடம் கழுத்து என்றுதான் சொல்லியிருக்கிறேன். தலைகீழாக இருந்திருக்கிறேன் நான், ஒரே ஒரு தடவை, பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டி, மழையில். முன்சக்கரம் வெடித்தது. மெக்கானிக் பிறகு அந்த டயரைக் காட்டினார், வாய் பிளந்தது மாதிரி இருந்தது. கார் உருண்டு மக்காச்சோளக் காட்டில் கூரை கீழே இருக்கும்படி நின்றுவிட்டது. நானும் அவரும் சீட் பெல்ட்டில் தொங்கினோம், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், துவைத்துப் போட்ட துணி மாதிரி. மேலே இருக்க வேண்டிய கூரையில் தாம்பூலப் பையிலிருந்து விழுந்த தேங்காய் உருண்டுகொண்டிருந்தது. வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடி இல்லாத இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

நிற்கட்டும், அங்கே போக வேண்டாம், மூச்சைப் பார். உள்ளே, வெளியே. கை விரல் மரத்தால் இறங்கிவிட வேண்டும், கண்ணுக்குப் பின்னால் அழுத்தினால் இறங்கிவிட வேண்டும். மரக்கவில்லை, அழுத்தவில்லை. வெறும் சூடுதான். பெட்ரோல் வாசனை இல்லை, சாம்பார் வாசனைதான், ஃபினாயில்தான். பெல்ட் மார்பை அறுக்கவில்லை, இது என் முகவாய். சரி. ஆனால் மனசு அடங்கும் என்று சொன்னது எங்கே அடங்குகிறது. ஒரு சொல்லில் புடவை முள்ளில் மாட்டியது மாதிரி மாட்டிக்கொள்கிறது, எடுத்தால் கிழியும், விட்டால் அங்கேயே நிற்கும். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சுகந்தி. கல்யாணமான புதிதில் கூப்பிட்டதுதான். பிறகு இந்தா ஆயிற்று, கேக்குதா ஆயிற்று, பையன் பிறந்த பிறகு உங்கம்மாகிட்டச் சொல்லு ஆயிற்று, பையன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அதுவும் இல்லை. என் கணவர் தனபாலன் யாரிடமும் குரல் உயர்த்தியவர் கிடையாது. அவருடைய மோட்டார் கடையில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் தங்கமான மனுசன் என்பார்கள். கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். குழம்பில் உப்புக் கூடியதற்கா, நான் அக்காவோடு போனில் நேரம் பேசியதற்கா, எதற்கென்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்தால் பேச்சு நின்றிருக்கும். தண்ணீர் வராத குழாய் மாதிரி நான் திறந்து திறந்து பார்ப்பேன். வாரங்கள் போகும். சாப்பிடுவார், குளிப்பார், டிவி பார்ப்பார், கரண்ட் போனால் மெழுகுவர்த்தி தேடுவார், என் பக்கத்திலேயே தேடுவார், எங்கே என்று கேட்க மாட்டார். பிறகு ஒரு நாள் எதுவும் நடக்காத மாதிரி பால்காரர் வந்தாச்சா என்பார். முதலில் அழுதேன், பிறகு கேட்டேன், பிறகு நானும் பேசாமல் இருந்து பார்த்தேன், அதில் அவர்தான் கெட்டிக்காரர். அடித்தால் யாரிடமாவது சொல்லலாம். பேசவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது. அக்காவிடம் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் வாயை மூடினா நான் தேங்காய் உடைப்பேன்டி என்று சிரித்தாள்.

அந்தக் கல்யாணத்துக்குப் போகும்போது அப்படி ஒரு காலம்தான் நடந்துகொண்டிருந்தது. திரும்பும்போது, மழை தொடங்கிய இடத்தில், நான் சொன்னேன். மதுரைக்கு மாற்றல் கேட்டிருக்கேன், அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுல வீடு பார்த்திருக்கேன், இனி நான் தனியா இருந்துக்கிறேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பரை மட்டும் ஒரு படி வேகமாக வைத்தார். அதற்குக் கொஞ்ச நேரத்தில் சத்தம். பிறகு தலைகீழ். சுகந்தி, சுகந்தி. கேக்குதா இல்லை, சுகந்தி. கை அசையுதா, விரலை அசைச்சுப் பாரு, பெல்ட்டை அவிழ்க்காத, அவிழ்த்தா தலை அடிபடும், ஒரு கையைக் கீழ ஊன்றிக்க, கண்ணை மூடாத, என்கூடப் பேசிட்டே இரு. நான் பேசவில்லை, எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் பேசினார். ஆட்கள் வரும்வரை நிறுத்தவே இல்லை, அந்த மனுசன். முகம் ரத்தம் கட்டி வேறு யாருடைய முகமோ போல வீங்கியிருந்தது, நெற்றி கீழே, வாய் மேலே, அந்த வாய் அசைந்துகொண்டே இருந்தது. நீ சொன்னது சரிதான் என்றது. நான் கோபத்துல பேசாம இருக்கிறதில்ல சுகந்தி, முதல்ல கோபம்தான், ரெண்டு நாள்ல போயிரும், அதுக்கப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. கடையில உட்கார்ந்து முதல் வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்குவேன், வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது அது போயிரும், நாள் ஆக ஆக அது கனமாயிரும், அப்புறம் பால்காரர் வந்தாச்சான்னு கேட்பேன். அதுதான் எனக்கு வாய்க்கும். இவ்வளவையும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் நான் கழுத்தைத் திருப்பினேன், தொங்கிக்கொண்டே, முழுசாகத் திருப்பினேன். அதில்தான் கழுத்து போனது, கார் உருண்டதில் இல்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. காட்டுக்காரர்கள் வந்து பெல்ட்டை அரிவாளால் அறுத்தபோது அவர் தலை குத்த விழுந்தார். தொடை எலும்பு கார் உருண்டதிலேயே முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, கல்யாணத்துல பாயசம் போட்டாங்களா என்று கேட்டார். பாயசம் வரைக்கும்தான் அவருக்கு நினைவிருந்தது. நான் மதுரை என்று சொன்னது இல்லை, மழை இல்லை, அவர் பேசிய ஒரு சொல் கூட இல்லை. சில நேரம் அப்படித்தான், அந்த இடைவெளி திரும்ப வராது என்றார் டாக்டர். அப்படியென்றால் அது நடந்தது என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

இப்ப ஒரு காலை மட்டும் சுவர்லருந்து எடுத்துப் பாருங்க, இன்னொரு கால் அங்கேயே இருக்கட்டும். ஆக்னஸின் கை என் முதுகுக்குப் பின்னால் காத்திருக்கிறது, தொடவில்லை, வெப்பம் மட்டும் தெரிகிறது. வலது காலை எடுக்கிறேன். பாதம் காற்றில் தனியாக நிற்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல். அதைத் திரும்பச் சுவரில் வைத்துவிட்டு இடது. பரவாயில்லை, நிற்கிறேன், தோள் தாங்குகிறது, இவ்வளவு நாளாக இந்தத் தோளுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது. நேற்று சூப்பிரண்டு சொன்னார், மேடம் உங்க ஆர்டர் வந்துருச்சு, திங்கக்கிழமை மதுரையில சேரணும், வேண்டாம்னா இப்பவே எழுதிக் குடுத்துருங்க. நான் மறந்தே போயிருந்தேன் என்று சொன்னால் பொய், மறக்க முயற்சி செய்தேன் என்றால் அதுவும் முழுசாக இல்லை. தொடை முறிந்து என் கணவர் படுக்கையில் இருந்த மாதங்களில் எதை யோசிப்பது. பெட்பேன் வைத்தேன், உடம்பு துடைத்தேன், நடக்கப் பழக்கினேன். அப்போதெல்லாம் பேசினார், தண்ணி, வலிக்குது, போதும். அது பேச்சா. மனுசருக்குத் தேவை இருக்கும்போது பேச்சு வரும். தடியை ஊன்றித் தானே நடக்க ஆரம்பித்தபின் பேச்சு குறைந்தது. நேற்று ராத்திரியிலிருந்து சுத்தமாக இல்லை. ஆட்டோவில் வரும்போதும் இல்லை. நான் என்ன செய்தேன் என்று பழைய தடத்திலேயே மனசு ஓடியது, குழம்பா, போனா. காரில் தொங்கிய மனுசரும் நாற்காலியில் இருக்கிற மனுசரும் ஒருத்தர்தானா. ஒருத்தர் என்றால் எனக்கு மதுரை எதற்கு. இல்லையென்றால் நான் யாருக்காக இங்கே இருக்கிறேன். இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடு மாதிரி. கண்ணின் ஓரத்தில் அந்தப் பாதங்கள் அசைகின்றன. தடியின் ரப்பர் முனை தரையை விட்டு எழுந்து மறுபடி ஊன்றுகிறது, எனக்கு அருகில். எழுந்து வருகிறார். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடிக்கிறது, அந்த முகம் இப்போது எப்படி இருக்கும், நெற்றி கீழேயா, வாய் மேலேயா. மூச்சு வாய் வழியாக வந்துவிட்டது, தொண்டையில் பெல்ட். திரும்பாதே. திரும்பாதே சுகந்தி. பார்க்கணும்னா இறங்கிட்டுப் பார். அக்கா, இறங்கிரலாம் என்கிறாள் ஆக்னஸ், என் மூச்சின் சத்தம் கேட்டிருக்கும். ரெண்டு பாதத்தையும் சுவர்ல வைங்க. அவசரம் வேண்டாம். மேல்முதுகு முதல்ல தரையைத் தொடட்டும், அப்புறம் நடு, அப்புறம் இடுப்பு. டப்புன்னு விழக் கூடாது. நான் இறங்குகிறேன். ஒவ்வொரு எலும்பாகத் தரை என்னைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கழுத்து நேராகவே இருந்தது.

உடனே எழுந்திரிக்க வேண்டாம், ஒருக்களிச்சுப் படுத்துட்டு மெதுவா எழுந்திரிங்க, நல்லாவே செஞ்சீங்க என்று சொல்லிவிட்டு ஆக்னஸ் அடுத்த வரிசைக்குப் போனாள். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது, கன்னம் குளிர்ந்தது. பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை, ஆகாததில் ஏதோ ஒன்று குறைந்தது போலவும் இருந்தது. கையை ஊன்றி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சாதாரண முகம், நெற்றி மேலே, வாய் கீழே, ஷேவ் செய்யாத தாடை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, முறிந்த காலை நீட்டியபடி கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் உதவி செய்யவில்லை. செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து நீ குளிச்சுட்டிருக்கும்போது உன் ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு," என்றார். "மதுரைக்கு மாத்தல் வந்திருக்காம்."

அப்படியென்றால் நேற்றிலிருந்து பேசாமல் இருந்தது இதற்காக. அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீயா கேட்டதாமே."

"ஆமா. ஆக்சிடெண்டுக்கு முன்னாடியே கேட்டது. உங்ககிட்டச் சொன்னேன். கார்ல."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"தெரியும்."

கூடத்தின் நடுவில் மற்றவர்கள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக்னஸ் யாரிடமோ வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும், காபி குடித்துவிட்டு வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவரை நான் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். சொன்னால் அது என்னிடமிருந்து போய்விடும் என்று நினைத்திருக்கலாம். அல்லது அவர் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று.

"நான் சொன்னதுக்கு நீங்க பதில் சொன்னீங்க," என்றேன். "கார் கவிழ்ந்து தொங்கிட்டிருந்தப்ப." பிறகு சொன்னேன். கடையில் உட்கார்ந்து முதல் வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது, வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது போய்விடுவது, நாளாக நாளாகக் கனப்பது, பால்காரர். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் குரலில் சொல்ல முயற்சி செய்யவில்லை. மின்வாரியத்தில் ஒரு புகாரை இன்னொரு பிரிவுக்கு வாசித்துக் காட்டுவது போலத்தான் சொன்னேன்.

அவர் வெகு நேரம் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடங்கிவிட்டது, இனி வாரக்கணக்கு என்று நினைத்தேன்.

"இதை நானா சொன்னேன்?"

"ஆமா."

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "இப்பச் சொல்லச் சொன்னா இவ்வளவு தெளிவா வராது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காதோரம் சிவந்திருந்தது.

"திங்கக்கிழமை நான் போய்ச் சேரப் போறேன்," என்றேன். அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. சொன்னபிறகு அது நெடுநாளாக அங்கேயே இருந்த மாதிரி இருந்தது. "அந்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்குன்னு அக்கா சொன்னா."

"ம்."

அந்த ம்-முக்கு எத்தனையோ அர்த்தம் தெரிந்தவள் நான். இதற்கு எந்த அர்த்தமும் பிடிபடவில்லை. அவர் சுவரைப் பிடித்து எழுந்தார், நான் தடியை எடுத்துக் கொடுத்தேன். போர்வைகளை மடித்து அலமாரியில் வைத்தேன். ஆக்னஸ் வந்து, வீட்டுல தனியா இதைச் செய்யாதீங்கக்கா, கொஞ்ச நாள் என் கண் முன்னாடியே செய்யுங்க என்றாள். சரி என்றேன், திங்கட்கிழமையைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. படியில் அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கினார், நான் அவருக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டாக இறங்கினேன். வாசலில் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தோம். மார்க்கெட் தாண்டியது, மணிக்கூண்டு தாண்டியது, பேச்சு இல்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், கழுத்தில் வலி இருக்கிறதா என்று மனதால் தடவிப் பார்த்துக்கொண்டேன், இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சிக்னலில் நின்றபோது அவர் தொண்டையைச் செருமினார். மதுரை பஸ் ஒன்று முன்னால் திரும்பிக்கொண்டிருந்தது.

"சுகந்தி," என்றார். "பஸ்ல வலது பக்கம் உட்காரு. காலையில இடது பக்கம் பூரா வெயிலா இருக்கும்." பஸ் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாயங்காலம் திரும்பி வரும்போதும் வலது பக்கம்தான். அப்ப வெயில் மேற்க இருக்கும்."

திரும்பி வருவேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. ஆட்டோ புறப்பட்டது. வரமாட்டேன் என்றும் நான் சொல்லவில்லை.